போக இடமில்லாதவர்கள்

வாஷ்பேசின் மேல் இருந்த நான்கு டூத் பிரஷ்களும் ஈரமாக இருந்தன. தபால்காரர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்த அவருடைய அந்த வீட்டில் தண்ணீர் இணைப்பே கிடையாது.

பிரஷ்களை அங்கே வைத்தவர் அவரேதான், யோசனை வீட்டுத் தரகருடையது. வாயைத் திறந்தால் கோழிக்கூண்டையும் மாளிகையாக்கிவிடுகிற ஆள் அவர். "பூட்டிக் கெடக்கிற வீடுன்னா ஏதோ கோளாறுன்னு நெனைப்பாங்க சார். ஒரு குடும்பம் வாடகைக்கு இருக்கிற மாதிரி காட்டுங்க. புருஷன், பொண்டாட்டி, ரெண்டு பிள்ளைங்க. வெளியூர் போயிருக்காங்க, வித்ததும் காலி பண்ணிடுவாங்கன்னு சொல்லிக்கலாம்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாத தபால்காரர், பழைய சாமான் கடையில் தட்டும் தலையணையும் நான்கு நான்காக வாங்கி வந்து வீட்டில் பரப்பினார். வேறு என்ன செய்வார்? மனைவிக்கு வியாழக்கிழமை முதுகில் ஆபரேஷன். அதற்குள் வீடு விற்காவிட்டால் அந்தத் தேதி போய்விடும், அப்புறம் செய்தும் பயனில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். இன்று திங்கள்.

வீடு பார்க்க வந்த பல் டாக்டரம்மா அறைகளைத் தனியாகவே சுற்றிப் பார்க்கப் போனார். கூடத்தில் தரகரோடு காத்திருந்த தபால்காரரின் மூக்கில், மாதக்கணக்கில் அடைந்து கிடந்த புழுதியின் வாடையையும் மீறி, இப்போதுதான் யாரோ குளித்துவிட்டுப் போனது போன்ற சோப்பு மணம் ஏற, படுக்கையறைக்குள் பாயை மெல்ல இழுத்து ஒதுக்கும் சரசரப்பும், அதையடுத்து, "பரவாயில்ல, எழுந்திருக்காதீங்க" என்று டாக்டரம்மா தணிந்து சொல்வதும் கேட்டன. அவர் தரகரைத் திரும்பிப் பார்த்தார்.

டாக்டரம்மா கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வந்தார். "வீடு பிடிச்சிருக்கு. அந்தம்மாதான் பாவம், பிள்ளைங்கள மடியில வச்சுக்கிட்டு அழறாங்க. போக இடமில்லையாம். நீங்க ஒரு இடம் காட்டினா காலி பண்றாங்களாம். நாளைக்குக் காலியா இருந்தா நாளைக்கே பத்திரம் பதிஞ்சிடலாம்."

டாக்டரம்மா காரில் ஏறுவதற்குள் தரகர் தெருமுனையைத் தாண்டியிருந்தார். கமிஷனை விட்டு ஓடுகிற மனிதரே இல்லை அவர்.

தபால்காரரும் ஓடியிருக்கலாம். வியாழக்கிழமை அவரை ஓடவிடவில்லை. சாத்திய கதவின் முன் போய் நின்றார்.

"அம்மா... எனக்கும் வேற வழியில்லம்மா. தயவுசெஞ்சு காலி பண்ணுங்க."

கதவடியில் நிழல்கள். எட்டுப் பாதங்கள்.

"என் வீட்டுக்காரி செத்துருவாம்மா."

நிழல்கள் அசையவில்லை. அவர் அழுதுவிட்டார். ஓர் இடம். அதைத்தானே கேட்டார்கள்?

"ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துல நாங்க இருக்கிறது ஒத்த ரூம்தான். பரவாயில்ல. அங்க வாங்க."

நிழல்கள் விலகின.

அன்று இரவு முழுக்க மனைவியின் கட்டிலருகே வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். யாரும் வரவில்லை. மறுநாள் டாக்டரம்மாவோடு போய்த் திறந்தால் வீடு துடைத்து விட்டாற்போல் இருந்தது. மத்தியானமே பத்திரம் பதிவாயிற்று. பணம் நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. மாதக்கணக்கில் முதல்முறையாக அவருக்குப் பசித்தது.

"வித்தாச்சும்மா!" ரூம் வாசலிலிருந்தே கத்தினார். "வியாழக்கிழமை ஆபரேஷன்!"

"மெதுவா," என்றாள் மனைவி உள்ளிருந்து. "இப்பத்தான் கண்ணசந்தாங்க."

அவர் புரட்டிவிடாமல் புரளக்கூட முடியாதவள். கட்டிலின் ஓரத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக் கிடந்தாள். மீதிக் கட்டில் முழுக்கப் போர்வை. போர்வைக்குள் மேடுகள். பெரியது. பெரியது. சின்னது. அதைவிடச் சின்னது. தலைகள் இல்லை.

"நல்லவங்கதாங்க." அவள் உதடு நீலம் பாரித்திருந்தது. "நாம எப்போ காலி பண்றோம்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருக்காங்க."

போர்வையின் நான்கு மேடுகளும் ஒரே மூச்சில் ஏறி இறங்கின. அவள் நெஞ்சு ஏறவில்லை.