மிச்ச சிட்டிங்

இடுப்புக்குக் கீழே இடப்பக்கம் முழுக்கக் கடுத்தது. பெல்ட்டில் தொங்கவிட்டு, இரும்புக் கால் மாட்டி, ஓடும் பட்டையில் நடக்கவைத்ததில் ஜெயக்கொடியின் தொடை இறுகிக் கிடந்தது. கடுப்பு அவளுக்குப் பழக்கம், வீட்டு வேலைக்கு வரும் முன்பு கட்டடத்தில் மணல் சட்டி சுமந்த உடம்பு. பழகாதது குதிகால். பக்கவாதம் வருவதற்கு முன்பு அவள் நடந்தால் விரல்தான் முதலில் தரையைப் பிடிக்கும். சாரப் பலகை ஏறின கால் அது. இப்போது குதிகால் முதலில் இறங்கியது. பாதம் வெளிப்பக்கம் திரும்பி, செருப்பை ஒரு தரம் தேய்த்துவிட்டுத்தான் எழுந்தது.

“இன்னாம்மா இது, என் காலாட்டமே இல்ல.”

கெண்டைக்காலில் கரண்டு வைக்க ஒட்டிய பட்டைகளை உரித்துக்கொண்டே பிசியோதெரபி கொடுக்கும் கிறிஸ்டினா சிரித்தாள். “இத்தினி மாசம் செத்துக் கெடந்துச்சு, அதான் மறந்துட்டீங்கக்கா. போற போக்கப் பாத்தா மாரத்தான் ஓடுவீங்க.”

“மிஷின்ல எனக்குன்னு மாத்தி வெச்சியா?”

“எதுக்கு? சாம்பசிவன் சாரும் உங்க உசரந்தான். அவர் செட்டிங்லயேதான் ஓடுது.”

சாம்பசிவன் சார், சேலையூரில் அவள் வேலை பார்த்த வீட்டுக்காரர். அவருக்கும் வாதம்தான். இந்தக் குரோம்பேட்டை சென்டரில் எல்லா சிட்டிங்குக்கும் மொத்தமாகப் பணம் கட்டிவிட்டு, பாதியில் செத்துப்போனார். கட்டினது திரும்பாது என்றார்கள். வீணாகப் போவானேன் என்று அவர் மனைவி பாலாம்பாள் மிச்ச சிட்டிங்கை ஜெயக்கொடிக்குக் கொடுத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மகள் ஜெயஸ்ரீ காலேஜை விட்டுவிட்டு அம்மாவுக்குப் பதிலாக வீடு வீடாகப் பாத்திரம் தேய்க்கிறாள். இந்தக் கால் வந்தால்தான் அவள் திரும்பிப் படிக்கப் போவாள்.

ஷேர் ஆட்டோ கேம்ப் ரோட்டில் இறக்கிவிட்டபோது மழை விட்டு மூன்று மணி வெயில் சுள்ளென்று அடித்தது. நனைந்த தாரிலிருந்து ஆவி கிளம்ப, பஸ் புகையும் டீக்கடையில் பஜ்ஜி வேகும் எண்ணெய் வாடையும் அதோடு கலந்து மூக்கை அடைக்க, அவள் தடியை ஊன்றி வலப்பக்கம், தன் வீட்டுச் சந்துக்குத் திரும்பினாள்.

இடது கால் திரும்பவில்லை. அது இடப்பக்கம் போனது.

தடியை அக்குளில் இடுக்கி, விளங்கும் ஒரே கையால் கரண்டுக் கம்பத்தைப் பிடித்து நின்றாள். பட்டையும் இல்லை, கரண்டும் இல்லை, ஆனாலும் கெண்டைச்சதை விட்டுவிட்டு வெட்டியது, உள்ளே யாரோ சுவிட்சைத் தட்டுவதுபோல. கை நழுவியது. உடம்பு காலின் பின்னால் போனது.

காலனித் தெருவில் ஆள் இல்லை. எல்லாக் கதவும் சாத்தியிருந்தது. எங்கோ ஒரு குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

சர்ரக். சர்ரக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். ஹாலைத் துடைக்கும்போது முதுகுக்குப் பின்னால் அது கேட்டால் வாளியை நகர்த்தி வழிவிடுவாள். வருஷக்கணக்காக.

“வேணா சார்,” என்றாள். யாரிடம் சொன்னாள்? காலிடம்.

சர்ரக்.

தடி விழுந்தது. கால் நிற்கவில்லை. சார் வீட்டு கேட். அந்த மூன்று படி. கால் தானாகச் செருப்பை உதறியது.

உள்ளே டம்ளர் வைக்கும் சத்தம்.

“வந்துட்டேளா?”

நான்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் கதவு திறந்தது. பாலாம்பாள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை. குனிந்து, முந்தானையால் அந்தப் பாதத்தை, ஒவ்வொரு விரலாக, ஈரம் போகத் துடைத்தாள். அவள் கைக்குள் விரல்கள் சுகமாக மடங்கின.

அப்புறம் நிமிர்ந்தாள். ஜெயக்கொடியின் செத்த இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

“கால் வந்துடுத்து,” என்றாள். “கை இன்னும் பாக்கி, ஜெயக்கொடி.”