பதினோராவது ஆளின் சீலை

அன்று காலை வெள்ளவத்தை மாடிவீட்டின் ஜன்னல் கம்பியில் தொங்குதராசைக் கட்டி, வரதராசா தன் பதினொரு பேர் குடும்பத்தை நிறுத்துக்கொண்டிருந்தார். குடும்பத்தை என்றால், குடும்பத்தின் உடுப்பை. ஒருகொடவத்தைக் களஞ்சியமொன்றில் முப்பத்திரண்டு வருடம் நிறை பார்த்தவர். மழை பெய்கிறது என்றால்கூட எத்தனை கிலோ என்று கேட்கக்கூடியவர்.

மழை மூன்று கிழமையாக விடவில்லை. பல்கனிக் கொடியில் எதுவும் காயவில்லை. மகன் தனஞ்சயனின் காலுறைக்குள் ஒரு காளானே முளைத்திருந்தது. பொய்யில்லை, கறிவைக்கலாமா என்று வரதராசா அதை மணந்து பார்த்தார். அதன் பிறகுதான் உடுப்புக் காயவைக்கும் டிரையர் வாங்குவது என்று முடிவானது. கடைக்காரன் கேட்டது ஒரே கேள்வி: ஏழு கிலோவா, பத்துக் கிலோவா?

"ஆளுக்கு ஒருநாள் உடுப்பு, காய்ஞ்சதாக் கொண்டு வாங்கோ," என்று அவர் கட்டளையிட்டார். அலுமாரிகள் திறந்தன. கூடை நிறைந்தது.

"ஆறு கிலோ எண்ணூறு! ஏழு கிலோ மெஷின் காணும்!"

மருமகள் மேனகா கூடைக்குள் எட்டிப் பார்த்தாள். "மாமா, இதுல பத்துப் பேரு உடுப்புத்தான் இருக்கு. அத்தையோடது எங்க?"

இடியப்பத் தட்டோடு நின்ற மாமியார் பத்மாவதி இரண்டடி பின்வாங்கினாள். ஐந்து வருடமாகக் காத்துவந்த இரகசியமல்லவா!

"என்ர சீலையை நான் தனியத் தோய்ச்சுத் தனியக் காயவைப்பன். எனக்கு மெஷின் தேவையில்லை."

"தனியா...!" மேனகாவின் கண் நிறைந்துவிட்டது. "நான் இந்த வீட்டுக்கு வந்த நாள்ல இருந்து பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரு தடவகூட ஒங்க சீலை எங்க உடுப்போட சேரல. கொட்டாஞ்சேனைக்காரி துணி பட்டா தீட்டா அத்தை? எங்க அம்மாச்சி தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவங்க, அதானே...!"

"ஐயோ பிள்ளை..." என்றாள் பத்மாவதி.

தனஞ்சயன் பல்துலக்கும் பிரஷோடு ஓடிவந்தான். "அம்மா, ஏதாவது சொல்லுங்கோவன்!" நுரை மூன்றடி பறந்தது.

"அவங்க என்ன சொல்லுவாங்க? நான் புள்ளைய தூக்கிட்டு எங்கம்மா வீட்டுக்கே போறேன். நாங்க போயிட்டா ஒங்களுக்கு அஞ்சு கிலோவே போதும்!"

வரதராசா பழக்கதோஷத்தில் கழித்துப் பார்த்தார். "அஞ்சு காணாது, ஆறு வேணும்," என்றார். எல்லோரும் அவரையே திரும்பிப் பார்த்தார்கள்.

"இதையும் போடுங்க தராசுல!" என்று மேனகா மாமியாரின் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கை ஈரமாகிவிட்டது.

"என்ன அத்தை இது... நனைஞ்ச சீலையைக் கட்டிக்கிட்டு நிக்கிறீங்க?"

"ஈரத்தை நிறுக்கக்கூடாது," என்றார் வரதராசா. "பத்மா, காய்ஞ்ச ஒண்டை எடுத்து வாரும்."

"காய்ஞ்சதெண்டு என்னட்ட ஒண்டும் இல்லையப்பா..."

மேனகா சீலைத் தலைப்பை மெல்ல விட்டாள்.

"எங்க காயப்போடுவீங்க?" மேனகாவின் குரல் இறங்கியிருந்தது.

"ஃபிரிட்ஜுக்குப் பின்னால. மிச்சம் உடம்பில காயும்." பத்மாவதி தரையைப் பார்த்தாள். "நீ வந்த அடுத்த நாள், உடுப்புக் கூடையோட பல்கனியில நிண்டாய், பிள்ளை. கொடியில இடமில்லை. கேக்கவும் உனக்கு வெக்கம். புதுப்பொம்பிளை திகைச்சு நிக்கிறதைப் பாக்க எனக்குப் பொறுக்கேல்ல... என்ர சீலையளைக் கழட்டி எடுத்திட்டன். பிறகு நீ சிரிச்சுக்கொண்டு விரிச்சாய். அதைக் கெடுப்பனே?"

"எனக்காகவா...! நான் வாயில வந்ததெல்லாம் பேசிட்டேனே அத்தை!" மேனகா மாமியாரைக் கட்டிக்கொண்டு அழுதாள். பத்மாவதி அவள் தலையைத் தடவினாள். பிரிந்தபோது இருவரும் நனைந்திருந்தார்கள். எது கண்ணீர், எது சீலைத்தண்ணீர் என்று நிறுத்துப் பார்க்க வரதராசாவுக்கே துணிவு வரவில்லை. "பத்துக் கிலோதான்," என்றார்.

சனிக்கிழமை மெஷின் வந்தது. மூன்று பேர் சுமந்து ஏற்றினார்கள். வீடே ஈர உடுப்போடு வரிசையில் நின்றது. மேனகா எவரையும் கிட்ட விடவில்லை. மாமியாரின் நீலச் சீலையையும் தன்னுடைய சுடிதாரையும் மட்டும் உள்ளே போட்டு மூடினாள்.

"பத்துக் கிலோ மெஷினில ஒரு கிலோவா!" வரதராசா துடித்தார்.

"மொத தடவ நானும் அத்தையும்தான், மாமா. நீங்கல்லாம் பின்னால நில்லுங்க."

முக்கால் மணித்தியாலம் இரண்டும் ஒன்றையொன்று சுற்றிச் சுழன்றன. சுடிதாரின் கை சீலையில் முடிச்சாய்ச் சிக்கி, பிரித்தெடுக்க இருவராலும் முடியவில்லை. மேனகா அந்தச் சூட்டோடேயே எல்லாவற்றையும் சேர்த்து மாமியாரின் தோளில் போர்த்தினாள்.

"சுடுகுது, பிள்ளை..." என்றாள் பத்மாவதி. ஆனால், எடுக்க விடவில்லை.