அரைக்காதுக்குக் கேட்டது

பெரியவர்கள் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிற கருவி ஒன்று எங்கள் மொட்டைமாடியில் இருக்கிறது. அதை மாட்டியதே அப்பாதான்.

அப்பாவுக்கு ஹாம் ரேடியோ என்றால் உயிர். லைசென்ஸ் வாங்கி, பொழுதுபோக்காக ரேடியோவில் பேசிக்கொள்வதுதான் அது. அவர் காரில் இருக்கும் ரேடியோ, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லும். பக்கத்தில் இருக்கும் கேட்வே நிலையம் ஒன்று அதைக் கேட்டு இணையத்தில் ஏற்றும். உடனே கணினி வரைபடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி தெரியும். எந்த நிலையம் கேட்டது என்ற பெயரும் கூடவே வரும்.

எங்கள் மாடியில் இருப்பதும் ஒரு கேட்வேதான். ஆன்டெனா குட்டை. கால்வாயைத் தாண்டி எதுவும் அதற்குக் கேட்காது. அதனால் அப்பா அதற்கு 'அரைக்காது' என்று பெயர் வைத்தார். போன வருடம் அவர் வேறு ஊருக்குத் தனியாகக் குடிபோனபோது, அரைக்காதை என் பொறுப்பில் விட்டார். நானும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவள்தான், சும்மா இல்லை.

மாதம் ஒரு சனிக்கிழமை அப்பா எங்களைப் பார்க்க வர வேண்டும். அந்தச் சனிக்கிழமை என் தம்பி வாலு, ஆறு வயது, காலை எட்டு மணிக்கே ஷூ மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான். அம்மா தையல் கடைக்குப் போயிருந்தார்.

பத்து மணிக்கு அப்பா போன் செய்தார். கார் சுங்கச்சாவடி பக்கத்தில் நின்றுவிட்டதாம். மெக்கானிக் வர வேண்டுமாம். எப்படியும் வந்துவிடுவாராம். வாலு துள்ளிக் குதித்தான்.

பதினொரு மணிக்கு நான் வரைபடத்தைத் திறந்தேன். புள்ளி எங்களுக்கு மூன்று தெரு தள்ளி, பூங்கா ஓரத்தில் இருந்தது. ஒன்பதரையிலிருந்து அசையவே இல்லை.

வரைபடம்தான் தப்பு என்று நினைக்க ஆசையாக இருந்தது. கேட்ட நிலையத்தின் பெயரைப் பார்த்தேன். அரைக்காது. சுங்கச்சாவடியோ கால்வாய்க்கு அந்தப் பக்கம், இருபது கிலோமீட்டர். அங்கிருந்து அப்பா தொண்டை கிழியக் கத்தினாலும் அரைக்காதுக்குக் கேட்காது.

வெளியே வாலு தண்ணீர் குடிக்கக்கூட உள்ளே வர மாட்டேன் என்றான். அந்த நேரம் பார்த்து அப்பா வந்துவிட்டால் என்ன செய்வதாம்?

அவனை இழுத்துக்கொண்டு பூங்காவுக்கு ஓடியிருக்கலாம். எங்களைப் பார்த்ததும் அப்பா காரைக் கிளப்பிவிட்டால்? போன் செய்தால் இன்னொரு பொய் வரும். அதனால் கணினியிலிருந்தே அவர் ரேடியோவுக்குச் செய்தி அனுப்பினேன். அதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பதால், அவருக்கு மட்டும் புரிகிற மாதிரி எழுதினேன்.

"அரைக்காதுக்குக் கேட்டுது. வாலுவுக்குப் போன் பண்ணுங்க."

செய்தி வந்து சேர்ந்தது என்று அவர் ரேடியோ தானாகப் பதில் அனுப்பியது. கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது.

எடுத்தேன். அப்பாதான். "போன தடவை கிளம்பும்போது அவன் கார் கதவைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்லையே. எனக்குத் தைரியம் வரலம்மா" என்றார்.

"உங்களுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் அவன் வெயில்ல நிக்கணுமாப்பா?"

போனோடு வாசலுக்கு நடந்தேன்.

"அவன்கிட்ட கொடுக்கிறேன். வரலைன்னா வரலைன்னு நீங்களே சொல்லுங்க."

வாலு போனைக் காதில் வைத்துக் கேட்டான். இரண்டு தடவை "சரிப்பா" என்றான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அப்பா வரலையாம்க்கா. ஷூவக் கழட்டிடவா?"

"கழட்டிடு."

பத்து நிமிடம் அழுதான். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு பசிக்கிறது என்றான். தட்டு நிறையச் சாப்பிட்டான். நான் கணினிக்குத் திரும்பினேன்.

புள்ளி நகர்ந்து, கால்வாய்ப் பாலத்தைத் தாண்டியது. அதற்கப்புறம் வேறு ஏதோ நிலையம்தான் அதைக் கேட்டது.

அப்பா மூன்று தெரு தள்ளித்தான் இருந்தார் என்பதை வாலுவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை. அடுத்த மாதம் வெள்ளிக்கிழமையே போன் வந்தது. வர முடியாது என்று அப்பா வாலுவிடமே சொன்னார்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு, வாலு வெறுங்காலோடு தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்தான்.