ஒரிஜினல் மாதிரி வராது

வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டரை மணிக்கு மந்தாகினி அம்மையார் வழக்கம்போல் இசக்கிராஜின் நாக்கைச் சாப்பிட அனுப்பினார். நாக்கோடு இசக்கிராஜும் போனான். வேறு வழியில்லை, ஒட்டிக்கொண்டிருக்கிறதே.

நிலவின் வெண்பட்டணத்தில் இதைக் கேட்டு யாரும் புருவம் உயர்த்த மாட்டார்கள். ஆறில் ஒரு பங்கு ஈர்ப்பில் உடம்பு சட்டென்று ஊதிவிடும் என்று டாக்டர்கள் பயமுறுத்திய நாளிலிருந்து, அங்கே வசதியுள்ளவர் எவரும் தன் வயிற்றை வேலைக்கு விடுவதில்லை. காலையில் ஓர் ஊட்டக்குப்பியைக் குடித்தால் அன்றைய கடமை முடிந்தது. வயிறு அடங்கிவிட்டது, ஆசை அடங்குமா? அதற்காக வந்தவர்கள்தான் நாப்பதிலிகள். பேச்சில் 'வாடகை நாக்கு' என்பார்கள். இவன் காதுக்குப் பின்னால் அரிசியளவு ஒரு சுவையனுப்பி, எஜமானர் காதுக்குப் பின்னால் அதே அளவில் ஒரு சுவைவாங்கி. வேலை நேரத்தில் கருவியைத் திறந்துவிட்டால் இவன் தின்பான், அவர் ருசிப்பார். தொந்தி மட்டும் இவனோடு நின்றுவிடும்.

இசக்கிராஜ் கோவில்பட்டிக்காரன். பனிச்சுரங்க முதலாளி மந்தாகினி அம்மையாரின் நாக்காக வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. வாடகைக்கு விடுவதற்கு உலகத்தில் எத்தனையோ இருக்க, நாக்கை விட வந்தவனுக்கு ஒரே ஒரு காரணம்தான். உரிமம் பெற்ற நாப்பதிலி ஒன்பது மாதம் வேலை பார்த்தால், பெண்டாட்டியை நிலவுக்கு அழைத்துக்கொள்ள அனுமதி உண்டு. எஜமானர் மூன்று முறை புகார் எழுதினால் உரிமமும் போகும், அனுமதியும் போகும். முதல் மாதத்திலேயே அம்மையார் இரண்டு எழுதிவிட்டார்.

தப்பு அவன் மேல் இல்லை. அவர் அவனை அனுப்பிய இடம் அப்படி.

'மூங்கில் மௌனம்' வெண்பட்டணத்தின் மிகப் பெரிய சீன உணவகம். அலட்டலில்தான் பெரியது. வாசலில் பூமியிலிருந்து வந்த நிஜ மூங்கில்கள் பதினொன்று. உள்ளே எதிரில் இருப்பவர் மூக்கு தெரியாத இருட்டு. உட்கார்ந்ததும் ஒருவர் வருவார். ரோபோ இல்லை, ரத்தமும் சதையுமான மனிதர், அதுதான் அங்கே கௌரவம். அவர் வந்து வரப்போகிற கொழுக்கட்டையின் குலவரலாற்றைச் சொல்லுவார். மாவரிசி எந்த மலைச்சரிவைப் பார்த்து நின்றது, காளானுக்கு என்ன ராகம் போட்டு வளர்த்தார்கள் என்று பத்து நிமிஷம் போகும். அப்புறம் குழந்தையைக் குளிப்பாட்டலாம் போல ஒரு தட்டு வரும். அதன் ஓரத்தில் ஒரே ஒரு கொழுக்கட்டை, ஏழு மடிப்புடன். பக்கத்தில் கறுப்பாக ஒரு சொட்டு. அதைத் தொட்டுக்கொள்வதா, துடைத்து விடுவதா என்று இசக்கிக்கு இன்றுவரை விளங்கவில்லை.

ருசியா? ஆறிப்போன இடியாப்பத்தை உப்பில்லாமல் பிசைந்து உருட்டினால் என்ன கிடைக்குமோ, அது. சூப் என்று வருவது பாத்திரம் அலசிய வெந்நீர். ஐயோ பாவம், அதற்கும் ஒரு குலவரலாறு உண்டு.

"என்ன இசக்கி, சப்புன்னு இருக்கு? இந்த ஊரே கொண்டாடற சாப்பாடு, உன் நாக்குல ஏன் இப்படி வருது?" என்று முதல் புகாரின்போது அம்மையார் கேட்டார். இரண்டாவது முறை கேட்கவே இல்லை, நேரே எழுதிவிட்டார்.

அந்த வாரம் மூன்றாவது புகாருக்குப் பயந்துகொண்டிருந்தவனைக் காப்பாற்றியது சூசையின் வண்டி.

மூன்றாம் வாயிலில், சரக்குக் கப்பல்கள் வந்து இறங்கும் இடத்தில், தூத்துக்குடி சூசை ஒரு தள்ளுவண்டி போட்டிருந்தார். பழைய சரக்கேற்றி இயந்திரத்தின் ஒற்றைக் கை, ஓர் இரும்புச் சட்டி, கீழே அனல்தட்டு. இவ்வளவுதான் கடை. அந்த இயந்திரக் கை சட்டியைத் தூக்கி 'டங் டங்' என்று அடித்துச் சுண்டினால், நிலவின் ஈர்ப்பில் நூடுல்ஸ் மெதுவாக மேலே போய், கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் இறங்கும். கோஸ், முட்டை, மிளகு, ஒரு வீசு சோயா சாஸ். ஓரம் லேசாகத் தீய்ந்து, புகைவாசனையோடு காகிதத் தட்டில் விழும். பனிச்சுரங்கத்தில் வேலை பார்க்கும் சீன என்ஜினீயர்கள் ஒருவர்கூட 'மூங்கில் மௌன'த்தின் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை. அத்தனை பேரும் சூசையின் வண்டியைச் சுற்றித்தான் நின்று தின்றார்கள்.

அன்றைக்கு அங்கே ஒரு தட்டு தின்றுவிட்டு இசக்கி வேலைக்குப் போனான். வாயில் கொழுக்கட்டையை வைத்தான், மனசு சூசையின் சட்டியிலேயே கிடந்தது. அடுத்த நொடி சுவையனுப்பி வழியாகக் காதுக்குள் அம்மையாரின் குரல்.

"அடடா! அடடடா! இசக்கி, இதுடா சாப்பாடு!"

நாக்கு சொல்லும் சேதியும் நினைவு சொல்லும் சேதியும் மூளையில் ஒரே ஜங்ஷனில்தான் வந்து இறங்குகின்றன. சுவையனுப்பிக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. எது பலமாக இருக்கிறதோ அதை அனுப்பிவிடும். கருவியைச் செய்த மேதாவிகளுக்கு இது தெரியாது, கோவில்பட்டி இசக்கிக்குத் தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வியாழனும் சூசையின் வண்டியில் ஒரு தட்டு, ஒவ்வொரு வெள்ளியும் 'மூங்கில் மௌன'த்தில் ஒரு நினைவு. அம்மையார் தோழிகளிடம் சொல்ல, தோழிகள் ஊரிடம் சொல்ல, அந்த உணவகத்தில் ஆறு மாதத்துக்கு மேசை கிடைக்காமல் போயிற்று. மற்ற வாடகை நாக்குகள் என்ன செய்தார்களோ, அவரவர் பிழைப்பு அவரவருக்கு.

எல்லாம் நன்றாகத்தான் போனது, அம்மையாருக்கு அறுபது வயது நிறையும்வரை.

"பிறந்தநாளைக்கு நானே நேர்ல போய் என் வாயால சாப்பிடப்போறேன்" என்று அறிவித்தார். டாக்டர் அனுமதி கொடுத்துவிட்டார். இசக்கியின் பெண்டாட்டி செண்பகவல்லியின் கப்பல் வந்து சேர இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அந்த நாள் வந்தது. தோழிகள் ஐந்து பேர், இருட்டு, குலவரலாறு, தட்டு. அம்மையார் கொழுக்கட்டையை வாயில் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே இருந்தார். பின்னால் நின்ற இசக்கி அந்த இருட்டிலும் அவர் முகம் தொங்கியதைப் பார்த்தான்.

"தெய்வீகம்!" என்றாள் ஒரு தோழி.

"ஐயோ, வாயில வச்சதும் கரையுது!" என்றாள் இன்னொருத்தி. கரைவதற்கு அதில் என்ன இருந்தது என்பது அவளுக்கே வெளிச்சம்.

அம்மையார் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆமா... தெய்வீகம்" என்றார். வெளியே வந்ததும் இசக்கியை ஓரமாக இழுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் நாக்கு செத்துப்போச்சுடா, இசக்கி."

எப்படிப்பட்ட மனுஷி! ஊழியர் கொடுக்கும் கணக்கை நான்கு முறை சரிபார்ப்பவர், டாக்டர் சொல்வதையே நம்பாதவர். அந்தச் சொரணையில்லாத கொழுக்கட்டையை மட்டும் சந்தேகிக்க அவருக்குத் தோன்றவில்லை. அவ்வளவு விலை வைத்திருக்கிறான், அவன் எப்படித் தப்பாக இருப்பான்?

மறுநாளே நாக்கு டாக்டரிடம் போனார். உப்பு, புளிப்பு, கசப்பு என்று சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். நாக்கில் ஒரு குறையும் இல்லை என்று இயந்திரம் சொல்லிவிட்டது. தன் நாக்கு சரியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான். திரும்பி வந்த வேகத்தில் இசக்கியைக் கூப்பிட்டார். மேசைமேல் மூன்றாவது புகாருக்கான படிவம் விரிந்து கிடந்தது.

"கோளாறு உன்கிட்டதான். எட்டு மாசமா எனக்கு எதை அனுப்பிட்டு இருந்த? சொல்லு."

கப்பலுக்கு ஒன்பது நாள். இனி மறைத்துப் பயனில்லை என்று இசக்கி முடிவு செய்தான். தின்று பார்த்தால் புரிந்துகொள்வார், புரிந்தால் மன்னிப்பார். அப்படித்தான் நினைத்தான், அப்பாவி.

"மேடம், ஒரே ஒரு இடத்துக்கு என்கூட வாங்க. சாப்பிட்டுப் பாருங்க. அப்புறம் எல்லாத்தையும் சொல்லிடறேன். அதுக்கப்புறம் நீங்க எழுதறதுன்னா எழுதுங்க."

மூன்றாம் வாயிலில் அம்மையார் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார். சூசைக்கு இசக்கியைக் கண்டால் எப்போதும் வாயெல்லாம் பல்.

"வாங்க தம்பி! இன்னைக்கு வியாழக்கிழமைகூட இல்லியே? அம்மாவையும் கூட்டியாந்திருக்கீங்க. இருங்க, முட்டை சேத்துப் போடுதேன்."

டங், டங். நூடுல்ஸ் மேலே போயிற்று, யோசித்தது, இறங்கியது. அம்மையார் விரல்நுனியால் தட்டை வாங்கி ஒரு வாய் வைத்தார். அப்படியே நின்றுவிட்டார். அடுத்த வாய். அடுத்தது. தட்டு காலியானதும் அதை நீட்டினார். சூசை இன்னொரு தட்டு போட்டார். அதையும் முடித்து, ஓரத்தில் ஒட்டியிருந்த கோஸை விரலால் வழித்துத் தின்றார் பனிச்சுரங்க முதலாளி.

இசக்கிக்கு உயிர் வந்தது. "மேடம், இப்பப் புரியுதா? நான் அங்க உக்காந்து..."

"புரியாம என்ன!" அம்மையார் முகம் சிவந்திருந்தது. "அச்சு அசல் அதே ருசி. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ அனுப்பின அதே ருசி. திருட்டுப்பய! 'மூங்கில் மௌன'த்தோட பக்குவத்தை அப்படியே காப்பி அடிச்சிருக்கான்!"

சூசை கரண்டியும் கையுமாக நின்றார். "அம்மா, நான் அந்த ஓட்டல் வாசலக்கூட மிதிச்சதில்லம்மா. இது எங்க ஊர்ல எல்லா வண்டியிலயும் போடுததுதான்."

"பேசாதே! ஆறு மாசம் காத்திருந்து சாப்பிடற சமாச்சாரம், தள்ளுவண்டிக்கு எப்படி வரும்?" அம்மையார் இசக்கி பக்கம் திரும்பினார். கைப்பையில் கொண்டுவந்திருந்த படிவத்தை வெளியே எடுத்தார். "நீ சொல்லு. ரெண்டு இடத்துலயும் மாசக்கணக்கா சாப்பிட்டவன் நீ ஒருத்தன்தான். எது ஒரிஜினல்?"

இசக்கி சூசையைப் பார்த்தான். எட்டு மாதமாகக் கேட்காமலே ஒரு முட்டை கூடப் போட்ட மனுஷன். அவர் சாட்சி சொல்ல ஆள் கிடைத்த நிம்மதியில் அவனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இசக்கி படிவத்தைப் பார்த்தான். ஒன்பது நாள்.

"அதுதான் மேடம்" என்றான். "அதுதான் ஒரிஜினல். இது... ஒரிஜினல் மாதிரி வராது."

சூசை கரண்டியைக் கீழே வைத்தார். இசக்கிக்கு வெட்கத்தில் உடம்பு கூசியது.

"அதானே பார்த்தேன்!" அம்மையார் படிவத்தைக் கிழித்தார். "இப்பத்தான் எனக்கு விளங்குது. என் நாக்குக்கு இந்த மாதிரி மட்டமான ருசிதான் எடுபடுது. உயர்ந்த ருசியை வாங்கிக்கிற பக்குவம் அதுக்கு இல்ல. உன் நாக்குக்கு இருக்கு. இனிமே நான் நேர்ல போகவே மாட்டேன், நீயே போ."

நான்கு நாளில் சுவையுரிமை ஆணையம் சூசையின் வண்டிக்குச் சீல் வைத்தது. போலி உணவு விற்றது குற்றம். சூசை பனிச்சுரங்கத்துக்கு வேலைக்குப் போனார். யாருடைய சுரங்கம் என்று சொல்ல வேண்டியதில்லை. சீன என்ஜினீயர்கள் ஒரு வாரம் கறுப்புப் பட்டை அணிந்து வேலை பார்த்தார்கள் என்று கேள்வி.

செண்பகவல்லி வந்து இறங்கினாள். இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி: "லெட்டர்ல எழுதுவீங்களே, அந்தச் சூசை அண்ணாச்சி கடை, அங்க எப்பக் கூட்டிட்டுப் போவீங்க?"

"மூடிட்டாங்க" என்றான் இசக்கி. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான்.

அந்த வெள்ளிக்கிழமை அம்மையார் புருஷன் பெண்டாட்டி இருவருக்குமாக 'மூங்கில் மௌன'த்தில் மேசை பிடித்துக் கொடுத்தார், விசுவாசத்துக்குப் பரிசாக. குலவரலாறு முடிந்து கொழுக்கட்டை வந்தது. இசக்கி வாயில் வைத்து, கண்ணை மூடி, சீல் வைத்த சட்டியை நினைத்தான். டங், டங்.

"அடடா!" என்றது காதுக்குள் குரல். "பாத்தியா இசக்கி? ஒரிஜினல் ஒரிஜினல்தான்!"

செண்பகவல்லி மென்றாள். அவள் காதுக்குப் பின்னால் எந்தக் கருவியும் இல்லை. விழுங்கிவிட்டுக் குனிந்து கிசுகிசுத்தாள்.

"என்னங்க இது? வாயில வைக்க விளங்கல. உப்புகூட இல்ல!"

நிலவில் ஒரு வாய் உண்மை பேசியதே என்று இசக்கிக்குக் கண்ணில் நீர் முட்டியது. அவள் கையைப் பிடித்தான். அவள் கையை உருவிக்கொண்டு பைக்குள் விட்டு போனை எடுத்தாள்.

"சரி, அந்தத் தட்ட இங்கிட்டுத் தள்ளுங்க. மூங்கில் தெரியுத மாதிரி என்னைய ஒரு போட்டோ எடுங்க. மொகத்துல வெளிச்சம் விழட்டும்."

எடுத்தான். அவள் பல் தெரியச் சிரித்தாள். படத்தின் கீழே 'செம டேஸ்ட், ஜென்மத்துக்கும் மறக்காது' என்று எழுதி ஊருக்கு அனுப்பினாள். இரண்டாவது கொழுக்கட்டைக்கு இன்னும் குலவரலாறு முடியவில்லை, அதற்குள் கோவில்பட்டியிலிருந்து நாற்பது பேருக்கு வாய் ஊறிவிட்டது.

"மதினி கேக்காக" என்றாள் போனைப் பார்த்துக்கொண்டே. "நம்ம ஊர்ல இதுக்குப் பிராஞ்ச் எப்பத் தெறப்பாங்களாம்?"