மூன்றாவது தரகர்

மூன்றாவதாக வந்த தரகர் வீட்டுக்குள் நுழைந்த பிறகும் கதவைச் சாத்தவில்லை. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு, சுவரோடு ஒட்டி, பின்னால் வருகிறவர்களுக்கு வழிவிடுவதுபோலச் சற்று நேரம் நின்றார். யாரும் வரவில்லை. தெருவில் ஒரு ஸ்கூட்டர் கடந்து போயிற்று. அதன் பிறகு, தொட்டிலில் பிள்ளை தூங்குகிற வீட்டில் சாத்துவதுபோல, ஓசையில்லாமல் கதவைச் சாத்தினார்.

அவள் அதைப் பார்த்தாள். பார்த்ததோடு சரி. கணவன் போனதிலிருந்து எல்லாவற்றையும் அவள் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முகச்சவரம் பண்ணிக்கொண்டிருந்த மனுஷன் பாதிக் கன்னத்தில் நுரையோடு சரிந்து விழுந்த அந்தக் காலையில்கூட, அவள் முதலில் செய்தது திறந்திருந்த குழாயை மூடியதுதான். அழுகை வரவில்லை. வந்தவர்கள் எல்லாரும் அழுதுவிடு, அழுதுவிடு என்றார்கள். தும்மல் மாதிரி அது எங்கேயோ மூக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயிற்று. மறுவாரமே வேலைக்குப் போய்விட்டாள். குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசி எடுக்கிற வேலை. நாள் முழுக்க ஊரார் கத்துவதைக் கேட்டுவிட்டு, "உங்க புகாரைப் பதிஞ்சுக்கிட்டோம்" என்று சொல்ல வேண்டும். முன்பெல்லாம் அந்தக் கத்தல் வீடுவரை கூடவே வரும். இப்போது காதோடு நின்றுவிடுகிறது. ஒரு நாள் துணி தேய்க்கும்போது சூடான பெட்டி கையில் பட்டிருக்கிறது. கொப்புளத்தைப் பார்த்த பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வீட்டை விற்றுவிடச் சொன்னது தங்கை. "இவ்வளவு பெரிய வீட்டுல ஒத்தையா உட்கார்ந்து என்னக்கா பண்ணப்போறே? வித்துட்டு எங்க பக்கமா வந்துடு. ஆனா ஒண்ணு, முதல்ல வர்ற தரகர்கிட்டயே தலையை ஆட்டிடாதே. மூணு பேரையாவது கூப்பிட்டுப் பேசு. உனக்கு யார் ஒத்துவராங்கன்னு பாரு."

முதலில் வந்தவர் பருமனான ஆள். படியேறியதில் மூச்சு வாங்கியது. அந்த மூச்சு வாங்கலுக்கு நடுவிலும் பேச்சு நிற்கவில்லை. "உங்க வீட்டைப் பார்த்தா எனக்கே வாங்கணும்போல இருக்கும்மா. ஆனா என் வீட்டுக்காரிக்குத் தெரிஞ்சா அவ என்னையே வித்துடுவா." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். அவள் சிரிக்க வேண்டிய இடம் என்று புரிந்து உதட்டை அகலமாக்கினாள்.

இரண்டாவது ஒரு பெண்மணி. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, நாடாவை இழுத்து ஒவ்வொரு அறையாக அளந்தார். குளியலறைச் சுவரைத் தட்டிப் பார்த்து, "உள்ள ஈரம் இருக்கு, மறைக்கக் கூடாது, சொல்லித்தான் விக்கணும்" என்றார். சமையலறை குறுகல் என்றார். கிளம்பும்போது, "என்கிட்டதான் கொடுக்கணும்னு இல்லைங்க. யாருக்குக் கொடுத்தாலும், அவங்க மூலமா ஏற்கெனவே வித்த ஒருத்தரை நேர்ல போய்ப் பார்த்துப் பேசிடுங்க. அதுக்கு முன்னாடி சாவியை மட்டும் கையில கொடுத்துடாதீங்க" என்றார். பிறகு குரலை இறக்கி, அவள் மணிக்கட்டைப் பிடித்து, "சாப்பிடுறீங்களா ஒழுங்கா?" என்று கேட்டார்.

அந்தப் பிடிதான் காரியத்தைக் கெடுத்தது. அந்தக் கை இன்னும் கொஞ்ச நேரம் அங்கே இருந்தால் தனக்குள் ஏதோ உடைந்துவிடும் என்று பட்டு, அவள் கையை உருவிக்கொண்டாள்.

மூன்றாவது தரகர் எதையும் அளக்கவில்லை. ஒல்லியான மனிதர். சலவைச் சட்டை. நெடுநாள் பூட்டிக் கிடந்த பீரோவைத் திறந்தால் வருமே, அந்த வாசனை அவர் மேல் அடித்தது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அறை அறையாக நடந்தார். "இது கூடம். காலையில வெளிச்சம் நல்லா வரும். இது படுக்கையறை" என்று தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார். வாடிக்கையாளர்களிடம் பேசுவதை ஒத்திகை பார்க்கிறார் போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். சுற்றி முடித்துவிட்டு அவள் எதிரில் வந்து நின்றார்.

"தனியாத்தான் இருக்கீங்களா?"

"ஆமா."

"அழறதுண்டா?"

"இல்லை."

"நல்லது" என்றார்.

அந்த நல்லது அவளுக்குப் பிடித்திருந்தது. அவள் அழாததை நல்லது என்று சொன்ன முதல் ஆள் அவர்தான். சாவியை எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

அன்று மாலை தங்கை தொலைபேசியில், "நீ சொன்னதை வச்சு, அளந்து பார்த்த அந்தம்மா நல்லவங்களாத் தெரிஞ்சாங்களேக்கா?" என்றாள்.

"இவர் அதிகம் பேசமாட்டார்" என்றாள் இவள். அதற்கு மேல் அவளிடம் காரணம் இல்லை.

அதன் பிறகு, வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போதெல்லாம் யாரோ வந்துபோன அடையாளம் இருந்தது. பீரோக் கதவுகள் திறந்து கிடந்தன. சமையலறையில் ஒவ்வொரு டப்பாவின் மூடியும் கழற்றி வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. குளியலறைத் தரை ஈரம். மெத்தையில் கணவன் படுத்துவந்த பக்கத்தில், அந்தியின் மங்கல் வெளிச்சத்திலும் தெரிகிற மாதிரி, ஒரு குழி விழுந்திருந்தது. அவள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தபோது அது வெதுவெதுப்பாக அல்ல, கிணற்றடிக் கல்லைப்போலக் குளிர்ந்திருந்தது. வெயிலில் காட்டாமல் மடித்த துணியின் நாற்றம் ஜன்னல்களைத் திறந்துவைத்தும் போகவில்லை.

தரகருக்குப் போன் செய்தாள்.

"பார்க்க வந்திருந்தாங்கம்மா. எல்லாத்தையும் திறந்து பார்ப்பாங்க. வாங்கறவங்க பார்க்காம வாங்குவாங்களா?"

"எத்தனை பேரு?"

"குடும்பமாத்தான்" என்றார். "அவங்களுக்கு இருக்க இடம் இல்லை. பாவம், ரொம்ப நாளாத் தேடுறாங்க."

ஒரு விடுமுறை நாளில், அவள் படுக்கையறையில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வாசல் பூட்டு திறக்கிற சத்தம் கேட்டது. எழுந்து கூடத்துக்கு வந்தாள். தரகர் மட்டும் நடுக்கூடத்தில், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தார்.

"நீங்க வேலையைப் பாருங்கம்மா. சும்மா சுத்திப் பார்த்துட்டுப் போயிடுவோம்."

போயிடுவோம். அந்த வார்த்தை அவள் காதில் விழுந்துகொண்டிருக்கும்போதே சமையலறையில் குழாய் திறந்தது. தண்ணீர் தொட்டியில் விழும் சத்தம். நின்றது. குளியலறை விளக்கு எரிந்தது. அணைந்தது. மறுபடி எரிந்தது. மாடிப்படியின் மரப்பலகைகள் அடியிலிருந்து ஒவ்வொன்றாக மேல்நோக்கி முனகின. தரகர் அவள் கண்ணெதிரில், நின்ற இடத்தை விட்டு அசையாமல், சுவரில் மாட்டியிருந்த கணவனின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் பின்கழுத்தில் மயிர்க்கால்கள் எழுந்தன. பல மாதங்களுக்குப் பிறகு உடம்பு தானாக ஒன்றைச் செய்ததில் அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. பயம் என்பது இதுதான் என்று, மறந்துபோன உறவினரின் முகத்தை அடையாளம் காண்பதுபோல, மெதுவாகத்தான் தெரிந்தது. ஆனாலும் அவள் சத்தம் போடவில்லை. ஒயரிங் பழசு, குழாய் பழசு, மரமும் பழசு. திரும்பிப் போய் மீதித் துணியை மடித்து முடித்தாள்.

மறுநாள் அலுவலகத்தில் இருக்கும்போது அந்தப் பெண் தரகரே கூப்பிட்டார். "யாருக்காவது கொடுத்துட்டீங்களா? பரவாயில்லை, கொடுத்தாச்சுன்னா சந்தோஷம். அவர் மூலமா வித்தவங்க யாரையாவது பார்த்தீங்களா?"

"இல்லை."

"கேளுங்க. விலாசம் கொடுக்கத் தயங்கினார்னா, சாவியைத் திருப்பி வாங்கிடுங்க."

அவள் கேட்டாள். மூன்றாவது தரகர் கொஞ்சமும் தயங்கவில்லை. ஒரு விலாசம் சொன்னார். "தாராளமாப் போய்ப் பாருங்க. மனைவி போனப்புறம் தனியா இருந்தவர். இப்ப ரொம்ப நல்லா இருக்கார்."

பேருந்து பிடித்துப் போனாள். ஒடுங்கிய தெரு, வரிசை வீடுகள், கடைசியில் ஒரு பச்சைக் கதவு. தட்டியதும் திறந்துவிட்டது. அறுபது வயது மதிக்கத்தக்க மனிதர். வயிறும் மார்பும் கன்னங்களும் அளவுக்கு மேல் உப்பியிருந்தன. கால்களும் கைகளும் மட்டும் ஒரு மெலிந்த ஆளுடையவை. உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். அவருக்குப் பின்னால் வீடு வெறிச்சென்று இருந்தது. ஒரு நாற்காலி, ஒரு பாய்கூட இல்லை.

தரகரின் பெயரைச் சொல்லிவிட்டு, "வீட்டை வித்துட்டீங்கன்னு சொன்னார்" என்றாள்.

அவர் கையை லேசாக விலக்கினார். "முடிஞ்சுபோச்சு. அருமையா முடிச்சுக் கொடுத்தார்."

"நீங்க இன்னும் இங்கேயே இருக்கீங்களே?"

"ஆமா. இருக்கோம்."

"இருக்கோம்னா?"

அவர் உதடுகளை இறுக்கி மூடிக்கொண்டார். அப்போது ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தது. மிகப் பக்கத்தில். யாரோ பெரியவள் அதை அதட்டுவதும், இருமுவதும் கேட்டது. அவள் அவருடைய தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். வெறும் சுவர். அந்த மனிதரின் கண்களிலிருந்து மட்டும் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. முகத்தில் வேறெதுவும் அசையவில்லை. கண்கள் அவளையே பார்த்தன. போ என்று சொல்கிற பார்வை. கதவு சாத்திக்கொண்டது.

திரும்பும் பேருந்தில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இன்றைக்கே சாவியை வாங்கிவிட வேண்டும். பூட்டை மாற்ற வேண்டும். தங்கை வீட்டுக்குப் போய்விட வேண்டும். தங்கைக்குப் போன் செய்தாள். "இன்னைக்கு அங்க வந்து படுத்துக்கட்டுமா?" தங்கை, "கேக்கணுமாக்கா, வா" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும், இன்று அழுதுவிடுவோம்போல என்று நினைத்தாள். மாற்றுத்துணி மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

வெளிச்சம் போகிற நேரம். வீட்டில் விளக்கு எரியவில்லை. கூடத்தில் தரகர் இருந்தார்.

"சாவியைக் கொடுத்துடுங்க. நான் விக்கறதா இல்லை."

அவர் உடனே எடுத்து நீட்டினார். "சரிம்மா. எப்படியும் வீடு அவங்களுக்குப் பிடிக்கலை. சுவர்ல ஈரம். சமையலறையும் குறுகல்."

சாவியை வாங்கிக்கொண்டாள். வாங்கிய பிறகு கேட்டாள்.

"பின்ன எதுக்குத் திரும்பத் திரும்ப வந்தாங்க?"

தரகர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். முதல் தடவையாக.

"உங்களைப் பார்க்கத்தான்."

கதவை நோக்கித் திரும்பினாள். திரும்ப நினைத்தாள். கால் வரவில்லை. ஈரத்துணி நாற்றம் முகத்துக்கு நேரே வந்து நின்றது. பின்னாலும். இரண்டு பக்கமும். காதோரத் தலைமயிரை யாரோ ஒதுக்கினார்கள். குளிர்ந்த விரல். இன்னொரு கை அவள் மணிக்கட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு விட்டது. முதுகெலும்பைக் கீழிருந்து மேலாக ஒரு விரல் தட்டிக்கொண்டே வந்தது. தட்டித் தட்டி நின்று கேட்டது. நெஞ்சுக்குழியில் இன்னும் சின்னதாய் ஒரு கை. தட்டிற்று. உள்ளே எதிரொலித்தது.

கத்த வேண்டும். கத்தினால் பக்கத்து வீட்டில் கேட்கும். தொண்டைவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தாள்.

அவள் திறந்த அளவோடு அது நிற்கவில்லை.

தாடை இறங்கிக்கொண்டே போயிற்று. மெதுவாக. பொறுமையாக. வலிக்கவே இல்லை. அதுதான் பயங்கரமாக இருந்தது. இரண்டு கைகள் அதைப் பிடித்துக்கொண்டிருந்தன. குனிந்து யாரோ உள்ளே பார்த்தார்கள். அந்த மூச்சு அவள் தொண்டைக்குள் போய்த் திரும்பி வந்தது.

"நல்ல இடம்" என்றார் தரகர், தாழ்ந்த குரலில். "எல்லாமே காலி. ஒரு பொருள் இல்லை. நீங்க உடனே வரலாம்."

பிறகு யாரிடமோ மரியாதையாக, "செருப்பை வெளியே விட்டுடுங்க" என்றார்.

அவள் நாக்கின்மேல் ஒரு பாதம் பட்டது. ஈரமாக. வெறுங்காலாக. ஐந்து விரல்களும் அழுந்தின. அது தன் கனத்தை ஊன்றிக்கொண்டு, அடுத்த காலைத் தூக்கிற்று.