கன்னிமாடத்துச் சுழற்பெட்டி

பால் செம்பு கழுவாமல் திரும்பி வந்தது.

சவரியாயி அதைச் சாய்த்துப் பார்த்தாள். அடியில் பாலாடை காய்ந்து ஒட்டியிருந்தது. விளிம்பில் எறும்பு ஊர்ந்தது. அந்த மடத்திலிருந்து வெளியே வருகிற எந்த ஏனமும் சாம்பலில் துலக்கி, வெயில் காய்ந்த வாசனையோடுதான் வரும். இன்றைக்கு யாரோ ஒருத்திக்கு மேலுக்குச் சுகமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, தானே தேய்த்துக் கவிழ்த்தாள்.

நாகமலை அடிவாரத்தில் அந்தக் கன்னிமாடம் எழும்பி இருபது வருஷம் இருக்கும். மதில் இரண்டு ஆள் உயரம். உள்ளே போன பெண் செத்தாலும் வெளியே வரமாட்டாள், கல்லறையும் உள்ளேதான். மதுரை மாதா கோயில்களுக்குப் பூசை அப்பம் அங்கேதான் சுடுவார்கள். பிள்ளையில்லாதவர்களும் கோர்ட்டு வழக்கில் மாட்டியவர்களும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவர்களாக இருந்தாலும், எண்ணெயும் முட்டையும் கொண்டுவந்து, எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் போவார்கள். ஆனால் கொடுக்கிறவர் முகத்தை வாங்குகிறவர் பார்ப்பதில்லை. சுவருக்குள் ஒரு மரப்பெட்டி பதித்திருந்தது. பீப்பாய் மாதிரி உருண்டை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு, அரிசி மூட்டை நிற்கிற அகலம். சாமானை வைத்துத் தட்டி, "சேசுவுக்குத் தோத்திரம்" என்றால், உள்ளிருந்து "எப்போதும் தோத்திரம்" என்று குரல் வரும். பெட்டி முனகிக்கொண்டே சுழன்று, வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும்.

சவரியாயிதான் அந்த மடத்துக்கு வெளிவேலைக்காரி. புருஷன் போனபின் மிஞ்சியவள் ஒரே மகள், ஞானப்பூ. அவளும் உள்ளே போன அன்றைக்கு மதுரை வீட்டைப் பூட்டிக்கொண்டு, மதிலை ஒட்டிய குச்சிலுக்கு வந்துவிட்டாள். மூன்று வருஷமாக மகளின் முகத்தைப் பார்க்கவில்லை. எப்போதாவது பேசினாலும் நடுவே இரும்புக் கிராதி, அதன்மேல் கறுப்புத் துணி. சேசு உயிர்த்தெழுந்த இந்தப் பாஸ்குத் திருநாளில், சாகும்வரை மடத்துக் கன்னியாகவே இருப்பேன் என்று ஞானப்பூ கடைசி வார்த்தைப்பாடு கொடுப்பாள். அன்றைக்கு, பெற்றவளுக்காக அந்தத் துணியை ஒருதரம் விலக்குவார்கள். அந்த ஒரு பார்வைக்காகத்தான், என் கண்ணுகளா, அவள் தின்றாள், தூங்கினாள், மூச்சு விட்டாள்.

மறுநாள் பெட்டியைத் தட்டித் தோத்திரம் சொன்னாள். பதில் வரவில்லை. பெட்டி மட்டும் சுழன்றது.

அவள் கலங்கவில்லை. பாஸ்குக்கு முந்தின பெரிய வாரம் பிறந்துவிட்டது. அந்த வாரம் முழுக்க அவர்கள் வாய் திறப்பதில்லை. வியாழன் வந்தால் மணியும் ஊமையாகிவிடும். பூசைக்கு வருகிற சாமியாரும் வரவில்லை. அது ரங்கூன் அரிசி நின்றுபோன யுத்த வருஷம், ஊரெல்லாம் வாந்திபேதி. அவரையும் ஆஸ்பத்திரியில் கிடத்தியிருப்பதாகச் சேதி. கீரை போனது, பால் போனது, வெறும் செம்பு வந்தது. எடுக்கிறவள் இருக்கிறாளே, அது போதாதா?

வெள்ளிக்கிழமை காய்கறி வண்டியோடு வந்த நல்லகாமன் மூக்கைப் பொத்தினான்.

"என்ன மதினி, உள்ள அம்புட்டுப் பேரும் வாயத் தச்சுக்கிட்டாகளா? ஒரு சத்தத்தக் காணோம்?"

"தவம்டா. கள்ளுக் குடிக்கிற வாய்க்கு அதெல்லாம் வெளங்காது."

"தவம் இருந்தா நாறுமா?"

"கம்மாயில எரும செத்துக் கெடக்கும்."

"நான் கம்மா வழியாத்தான் வாரேன். அங்கிட்டு ஒண்ணுமில்ல." அவன் குரல் இறங்கியது. "அலங்காநல்லூர்ல வீட்டுக்கு வீடு பிணம் மதினி. கடப்பாரை எடுத்தாரேன். அந்தக் கதவ நெம்பிப் பாத்துருவோம்."

"தொட்டுறாத!" சவரியாயி அவன் வழியை மறித்தாள். "சாமியாருக்கெல்லாம் பெரியவரு, மேற்றிராணியார் உத்தரவு இல்லாமத் தொறந்தா, தொறந்தவனுக்கும் விட்டவளுக்கும் சபைவிலக்கு. எம்மக வார்த்தைப்பாடு நின்னுபோகும்டா. இன்னும் ரெண்டே நாள். பொறு."

அவன் தலையை ஆட்டிக்கொண்டு போனான். அவள் கத்தரிக்காயைப் பெட்டியில் வைத்தாள். தட்டக் கையை ஓங்கினாள்.

தட்டுமுன்பே பெட்டி சுழன்றது.

பெரிய சனிக்கிழமை காலையில் மணிகளுக்கு உயிர் வரும். பக்கத்து ஊர்க் கோயில் மணி பனங்காட்டைத் தாண்டிக் காற்றில் கேட்டது. மடத்து மணி அசையவில்லை. வெயில் ஏறியது. மதிலின் நிழல் அடியோடு ஒடுங்கி, காக்கைகூட இல்லாத உச்சிப்பொழுதில், அந்த வாடை மட்டும் சுவரிலிருந்து வேர்வை மாதிரி கசிந்துகொண்டிருந்தது. சவரியாயி பெட்டிக்கு முன்னால் நின்றாள். தோத்திரம் சொல்லவில்லை.

"ஞானப்பூ. என் ஆத்தா. அம்மா வந்திருக்கேன்."

பெட்டி மெல்லச் சுழன்றது. வாயை அவள் பக்கம் திருப்பி நின்றது. உள்ளே ஒன்றுமில்லை. அவளும் எதையும் வைக்கவில்லை.

திரும்பவில்லை. காத்திருந்தது.

சபைவிலக்கு, மேற்றிராணியார், வார்த்தைப்பாடு எல்லாம் மனசைவிட்டு எங்கோ போயின. முழங்காலை மோவாயில் முட்டக் குந்தி உள்ளே நுழைந்தாள். மரம் முனகியது. வெளிச்சம் மெலிந்து, கோடாகி, அணைந்தது.

இறங்கினாள். பெட்டியைச் சுழற்றியவர் யாருமில்லை. சுற்றிலும் ஈக்களின் இரைச்சல்.

எதிரே சாப்பாட்டு மண்டபம். நீள மேசைகள். முகத்திரையைத் தலைக்குமேல் எறிந்தபடி கன்னியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் முன்னால் தட்டு. அவள் அனுப்பிய கீரை. கருகி. அவள் அனுப்பிய பால். திரிந்து, நுரைத்து. ஒரு கவளம் குறையவில்லை. கன்னங்கள் ஒட்டி, பல் தெரிந்து, கண்கள் இருந்த இடத்தில்…

செத்துப் பல நாள்.

பின்னால் பெட்டி சுழன்றது. முதுகைக் காட்டி நின்றுவிட்டது. தள்ளினாள். அசையவில்லை.

அப்போது கேட்டது. ஒரு கைமணி.

வெளியார் உள்ளே வந்தால் ஒருத்தி மணி அடித்துக்கொண்டே முன்னால் நடக்கவேண்டும். மற்றவர்கள் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும். மடத்துச் சட்டம். மணி நடந்து வந்தது. கையில்லாமல். காலடியில்லாமல்.

முதல் கன்னி கையைத் தூக்கினாள். திரையை இறக்கினாள்.

இரண்டாமவள்.

அடுத்தவள்.

வரிசை முழுக்கக் கறுத்துக்கொண்டே வந்தது. மணி நின்றது.

கடைசி இடத்தில் இருந்தவளுக்கும் திரை இறங்கியிருந்தது. அதன் விளிம்பை விரல்கள் தேடிப் பிடித்தன. சின்ன விரல்கள். பெற்றவளுக்கு ஒருதரம் முகம் காட்டலாம். அதுவும் சட்டம்தான்.

திரை உயர்ந்தது. மோவாய். உதடு.

ஈக்கள் மொத்தமாக எழும்பின. அவற்றின் கீழே, மூன்று வருஷமாய் அம்மாவுக்கென்று சேர்த்து வைத்திருந்த சிரிப்பு.