ஒரு பிடி புல்

"ஒரு வாய்கூட உள்ளே நுழையக் கூடாது. ஆடு, மாடு, முயல், எந்த வாயும்! புரியுதா?"

"புரியுதும்மா."

அம்மாவும் ஊரின் புல் வளர்ப்புச் சங்கத்துப் பெண்களும் கழுதைகளை ஓட்டிக்கொண்டு தண்ணீர் எடுக்கக் கிளம்பிவிட்டார்கள். பத்து வயது திபானோய், முள்வேலிக் கதவின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தாள்.

வேலிக்குள் இடுப்பளவுக்குக் கொழுக்கட்டைப் புல் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன்னால் அது வெறும் மொட்டைத் தரை. சங்கத்துப் பெண்கள் இருபது பேர் அங்கே பிறை வடிவத்தில் குழி குழியாய்த் தோண்டியபோது, ஊர் ஆண்கள் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

"மழையைப் பிடிச்சுக் கட்டிப் போடப் போறாங்களாம்!"

பெண்கள் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவே இல்லை. மழைநீர் குழிகளில் நின்றது. புல் வளர்ந்தது. இப்போது கதிர் முற்றிவிட்டது. நாளைக்கு விதையை உருவி, மழைக்கு முன்னால் பக்கத்து மொட்டைத் தரையில் புதிதாகத் தோண்டிய குழிகளிலும் விதைக்க வேண்டும். கிளிமஞ்சாரோ மலை ஏற்கெனவே மேகத்தை இழுத்துப் போர்த்திக்கொண்டிருந்தது. இந்த விதை போனால், பக்கத்துத் தரை இன்னொரு வருடமும் மொட்டைதான்.

அந்த நேரம் பார்த்துத்தான் கோய்னெத் தன் மாடுகளோடு வந்தார். ஊரிலேயே உயரமான மனிதர் அவர். எத்தனை மாடுகள் என்று நான் சொல்ல மாட்டேன். மாட்டை எண்ணுவது மாசாய்களான எங்கள் வழக்கமில்லை. ஆனால், பாவம், அவற்றின் விலா எலும்புகளை யார் வேண்டுமானாலும் எண்ணிவிடலாம்.

திபானோய் எழுந்து, மரியாதையாகத் தலையைக் குனிந்தாள். கோய்னெத் அவள் உச்சந்தலையில் கை வைத்தார்.

"நல்லா இருக்கியா புள்ளே?"

"நல்லா இருக்கேன் மாமா."

"சந்தோஷம். கதவைத் திற."

"முடியாது மாமா."

"என்னது?"

"மேஞ்சா விதை போயிடும்."

"மாடுங்களைப் பாரு. அந்தப் புள்ளிக்காரிக்கு நிக்கவே தெம்பில்லை. கொஞ்ச நேரம் மேஞ்சா என்ன குடி முழுகிடும்? இந்த வேலி என்னோட ஒரு உதைக்குத் தாங்காது, தெரியுமா?"

நெட்டைக் கால் மேலே போனது. ஆனாலும் அவள் நகரவில்லை. வேலிக்குள் கைவிட்டு ஒரு பிடி புல்லைப் பறித்து, கதிர்களை இறுகப் பற்றியபடி உயர்த்திப் பிடித்தாள்.

கால் அந்தரத்தில் நின்றுவிட்டது. கையில் புல்லோடு நிற்பவர் சமாதானம் கேட்கிறார் என்று அர்த்தம். மாசாய் மக்களில் யாரும் அவர்மேல் கை ஓங்க மாட்டார்கள். கால் ஓங்குவதும் அந்தக் கணக்கில்தான் சேரும்.

"அடி கெட்டிக்காரி!"

கோய்னெத் காலை இறக்கினார். கொஞ்சம் யோசித்தார். பிறகு தன் நீளமான கையை வேலிக்கு மேலாக நீட்டி, தானும் ஒரு பிடி புல்லைப் பறித்து உயர்த்தினார்.

"நானும் சமாதானம் கேக்கிறேன். இப்ப என்ன சொல்றே?"

அவரை விரட்டவும் முடியாது, உள்ளே விடவும் முடியாது. இருவரும் உச்சி வெயிலில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார்கள்.

புள்ளிக்காரிக்கு அவ்வளவு பொறுமை ஏது? கழுத்தை நீட்டி, திபானோயின் கையிலிருந்த தண்டுகளை வெடுக்கென்று இழுத்து மெல்லத் தொடங்கியது. திபானோய் கையை விரித்துப் பார்த்தாள். விதையெல்லாம் உள்ளங்கையிலேயே தங்கியிருந்தது!

"மாமா, உங்க மாட்டுக்குத் தண்டு போதும்தானே?"

"பின்னே, தேனா கேக்குது?"

"எங்களுக்கு விதை போதும். நீங்க மட்டும் உள்ளே வாங்க. விதையை உருவிக் கொடுத்துட்டு, தண்டை அறுத்து வெளியே போடுங்க."

"நானா? பொம்பளைங்க மாதிரி விதை உருவவா? ஊரே சிரிக்கும்!"

"அம்மாவைப் பார்த்தும்தான் சிரிச்சாங்க. புல் வரலையா?"

கோய்னெத் மாட்டைப் பார்த்தார். மாடு, அவர் கையிலிருந்த புல்லைப் பார்த்தது. அவர் பெருமூச்சு விட்டுத் தன் சிவப்புப் போர்வையை அவிழ்த்தார்.

இருவரும் போர்வையை விரித்து, விதையை உருவி உருவிப் போட்டார்கள். கோய்னெத் இடுப்பில் செருகியிருந்த அரிவாளால் தண்டை அறுத்து மாடுகளுக்கு வீசினார். வேலை சுறுசுறுப்பாகத்தான் நடந்தது. ஆனால் திபானோய் அடிக்கடி பாதையைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவைக் கேட்காமல் செய்துவிட்டோமே!

தண்ணீரோடு திரும்பி வந்த அம்மா, வேலியோரம் மாடுகளைப் பார்த்ததும் கழுதையை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"திபானோய்! நான் என்ன சொல்லிட்டுப் போனேன்?"

"வாய் எதுவும் நுழையக் கூடாதுன்னு சொன்னே." திபானோய் கோய்னெத்தைக் கைகாட்டினாள். "நுழையலைம்மா. ரெண்டு கை மட்டும்தான் நுழைஞ்சுது."

அம்மா சிவப்புப் போர்வையில் கிடந்த விதைக் குவியலைப் பார்த்தாள். அரிவாளும் கையுமாய் அசடு வழிய நின்ற கோய்னெத்தைப் பார்த்தாள். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ள முயன்றாள். முடியவில்லை.

"ஏம்ப்பா கோய்னெத், உன் கூட்டாளிங்க மாடும் பட்டினிதானே?"

"ஆமா. ஏன்?"

"அப்ப அவங்க கைகளையும் கூட்டிட்டு வா. மேகத்தைப் பார்த்தியா?"

மூன்றாம் நாள் மாலை மழை கொட்டியது. அதற்குள் பக்கத்துத் தரையில் விதை விழாத குழியே இல்லை.

அங்கே முதல் பச்சை எட்டிப் பார்த்த அன்று, புள்ளிக்காரி மெதுவாக அங்கே போட்ட புது வேலிக்குள் தலையை நீட்டியது.

"ஏய்! வாயை எடு!"

கத்தியது திபானோய் இல்லை, கோய்னெத்!